ஒரே கோட்டால் அடித்த பதினொரு நாட்கள்

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தேதிகளுக்கு என் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். நோட்டில் இல்லாதவற்றை ஜெபராஜ் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னதும் என் நினைவும் ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன். அப்படி விட்டவை நிறைய இல்லை.

என் பெயர் சண்முகத்தாய். பகலில் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை பாலிடெக்னிக்கில் வானிலைக் கருவிகள் டிப்ளமோ. முடித்தால் தானியங்கி மழை நிலையங்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைக்கும் என்றார்கள். வகுப்பில் இருபத்துமூன்று பேர். எல்லோரும் பகலில் வேறு எங்கோ வேலை பார்ப்பவர்கள். ஜெபராஜ் அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக்.

சேர்ந்த வாரமே ஆளுக்கொரு பழைய மழைமானி கொடுத்தார்கள். மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், தனியாக ஒரு அளவுக் குவளை. தினமும் காலை எட்டரைக்கு பாட்டில் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குச் சமமாக வைத்துப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது எப்போதும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது வகுப்பின் முதல் விதி.

மேகப் பங்கீடு வந்து அப்போது ஒன்பதாவது வருடம். எங்கள் ஊர் கருப்பூரணியில் அதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. என் அப்பா கொம்பையா ஆயுசு முழுக்க உளுந்தும் கம்பும் விதைத்தவர். கடைசி இரண்டு வருடங்களாகக் கரிசலில் நெல் போட்டிருந்தார். கண்மாய் நிறைந்து கிடந்தது. நான் மானியை முற்றத்தில் வைத்த அன்று பக்கத்தில் வந்து நின்றார்.

"மேகத்துக்கு எப்படி தாயி தெரியும், இது நம்ம மண்டலம், அது அடுத்த மண்டலம்னு?"

மேகத்துக்குத் தெரியாது என்று சொன்னேன். கடலுக்கு மேலே ஆளில்லா விமானங்கள் பறந்து மேகத்தில் உப்புத்தூள் தூவும். எதில் தூவ வேண்டும், எப்போது தூவ வேண்டும் என்று தலைநகரத்துக் கணினி சொல்லும். தூவியது சீக்கிரம் கொட்டிவிடும், தூவாதது தாண்டிப் போகும். எந்த மண்டலத்துக்கு வருடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று சட்டம் இருக்கிறது. பெய்ததைத் தானியங்கி நிலையங்கள் அளந்து தலைநகரத்துக்கு அனுப்பும், அங்கிருந்து அரசின் மழைச் செயலியில் போடுவார்கள்.

"மாட்டுக்குப் போடுற மாதிரி மூக்கணாங்கயிறு போட்டுட்டாக, அப்படித்தான?" என்றார். "கயித்த யாரு புடிச்சிருக்காகளோ அவுக பக்கம் நாம இருக்கணும்." சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி இரண்டாவது வாரம் என் மானியில் 31.4 வந்தது. எழுதினேன். கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் செயலியைப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்துக்கு 18.0 என்று இருந்தது.

எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நான்தான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று உடனே தோன்றிவிட்டது. கூரைத் தண்ணீர் தெறித்திருக்கலாம். குவளையைச் சாய்த்துப் பிடித்திருக்கலாம். இரவு வீட்டுக்கு வந்ததும் 31.4-ஐ ஒரே கோட்டால் அடித்து 18.0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மானியைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். அடுத்த பெருமழைக்கும் அதே மாதிரி வித்தியாசம். இன்னும் பத்தடி தள்ளினேன். ஒரு கட்டத்தில் மானி எங்கள் தொழுவத்தைத் தாண்டி பக்கத்து வீட்டுக் களம் வரை போய்விட்டது. மார்கழி முடிவதற்குள் பதினொரு நாட்கள் அடித்திருந்தேன்.

கம்பெனியில் மிட்டாய் நமத்துப்போய் வந்துகொண்டிருந்தது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இரண்டாக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். அதையும் மானியையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கூடக் கிடைப்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படி ஒரு நினைப்பே வரவில்லை.

தை மாதம் வகுப்பின் ஆண்டு விழா. எங்கள் தென்கரை மண்டலத்தின் ஆளுநர் ஞானசௌந்தரி சிறப்பு விருந்தினர். ஆளுநரை நியமிப்பது தலைநகரம். அங்கிருந்து எழுதி வருவதை வாசிப்பது, கல்வெட்டைத் திறப்பது, பரிசு கொடுப்பது என்றுதான் அதற்கு முன் இருந்தவர்கள் காலம் தள்ளினார்கள். இவர் ரயில்வேயில் முப்பது வருடம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் எப்போது போகலாம் என்று சொல்லும் வேலை. சொந்த ஊர் சாயர்புரத்துப் பக்கம். பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம்.

விழா மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் எங்கள் நோட்டுகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒரு பக்கத்தைப் புரட்டி, தலையை ஆட்டிவிட்டுப் போவது வழக்கம். ஆளுநர் நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். மேலே கிடந்தது என் நோட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். வரவேற்பு நடனப் பிள்ளைகள் சலங்கையோடு காத்திருந்தார்கள். பாலிடெக்னிக் முதல்வர் இரண்டு தடவை செருமினார்.

அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"இத அடிச்சது யாரும்மா?"

"நாந்தான் மேடம்."

"எதுக்கு?"

"செயலியில வேற மாதிரி இருந்துச்சு."

"நீங்க அளந்தது செயலியவா, மானியவா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு மற்ற நோட்டுகளையும் எடுத்துத் தரச் சொன்னார்.

அன்றைக்குத்தான் நாங்களும் பார்த்தோம். பத்தொன்பது நோட்டுகளில் அதே நாட்களில் கோடு. ஒருவர் நாலாட்டின்புதூர், ஒருவர் கழுகுமலை, ஒருவர் எப்போதும்வென்றான். ஊருக்கு ஊர் அளவு கொஞ்சம் மாறியிருந்தது. ஆனால் கோட்டுக்கு அடியில் எப்போதும் பெரிய எண், பக்கத்தில் எப்போதும் செயலியின் எண். மூன்று மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவரவர் தப்பு என்று நினைத்து ஒருவர்கூட அடுத்தவரிடம் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் பாதி நாள் எழுதவே இல்லை. மிச்சம் ஒரே ஒரு நோட்டில்தான் அடித்தல் திருத்தம் இல்லாமல் எல்லா நாளும் செயலியோடு பொருந்தியது. அது ஜெபராஜ் அண்ணனுடையது.

ஆளுநர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் தலையைச் சொறிந்தார். மானியை வெளியே வைக்கவில்லை, செயலியைப் பார்த்து எழுதினேன் என்று மெதுவாகச் சொன்னார். ஆளுநர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நோட்டுகளை ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்து என்ன செய்தார் என்பது பிறகு தெரிந்தது. எங்களுக்கு வடக்கே நடுமேட்டு மண்டலம். மூன்று வருடமாக அங்கிருந்து ஆட்கள் வேலை தேடி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். மழை இல்லை என்பார்கள். செயலியில்தான் பெய்திருக்கிறதே, சோம்பேறிகள் என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படி நினைத்ததுண்டு. நடுமேட்டில் சில ரயில் நிலையங்களில், ஆற்றுப் பாலங்களுக்காக, கையால் அளக்கும் மழைமானி இன்னும் இருக்கிறது. ஆளுநர் தன்னோடு வேலை பார்த்த நிலைய அதிகாரிகள் ஒவ்வொருவரையும் தானே போனில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எங்கள் பதினொரு நாட்களில் அங்கே செயலி காட்டியது இருபத்தைந்து, முப்பது. அவர்கள் பாட்டிலில் இருந்தது தூசி.

கூட்டாட்சி நாள் விழாவுக்குத் தூத்துக்குடி மைதானத்தில் பெரிய கூட்டம். நான் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். ஆளுநர் தலைநகரத்திலிருந்து வந்த உரையை எடுத்து, மடித்து, மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. ரயில் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

"நம்ம மண்டலத்துக்குச் சட்டம் சொல்ற மழைய விடக் கூடுதலா தேசிய அரசு குடுத்துக்கிட்டு இருக்கு."

கூட்டம் கை தட்டியது. அப்பாவும் தொடையைத் தட்டினார். ஆளுநர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"அது நடுமேட்டுக்காரங்க மழை. போன தேர்தல்ல அவங்க மாத்தி ஓட்டுப் போட்டாங்க. அடுத்த வருஷம் இங்க தேர்தல். அவங்களுக்குப் பெய்யாததப் பெய்ததாவும், நமக்குப் பெய்யுறதப் பெய்யாததாவும் கணக்கு எழுதுறாங்க. என்னை நியமிச்ச அரசுதான் இதச் செய்யுது. நான் இதுக்கு நன்றி சொல்லல. கண்டிக்கிறேன்."

பிறகு தேதிகளையும் அளவுகளையும் வாசித்தார். கோட்டுக்கு அடியில் இருந்ததை வாசித்தார், பக்கத்தில் இருந்ததையும் மறைக்காமல் வாசித்தார். மாணவர்கள் தங்கள் அளவை நம்பாமல் அடித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அது அவருடைய வாதத்தை எவ்வளவு பலவீனமாக்கும் என்று எனக்கே தெரிந்தது. நான் அவர் இடத்தில் இருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருப்பேன்.

தன் மண்டலத்துக்குக் கொடுக்கவில்லை என்று சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். கொடுத்ததற்காக ஒருவர் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. அப்பா டிவியை அணைத்தார். "ஊட்டுற கையப் புடிச்சுக் கடிக்கா பாரு இவ," என்றார்.

ஒரு வாரத்தில் எங்கள் ஊர்ச் சுவர்களில் ஆளுநர் படத்தில் சாணி அடித்தார்கள். அடித்தவர்கள் தலைநகரத்து ஆட்கள் இல்லை. அவர்களில் ஒருவன் என் சித்தப்பா மகன். நெல் போட்டிருந்த எல்லோரும் ஒருவிதமாகப் பேசினார்கள்: சும்மா கிடந்ததை இவள் ஏன் கிளறினாள். அந்த நோட்டுகளில் ஒன்று என்னுடையது என்று அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

சித்திரையில் தலைநகரத்திலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. பாலிடெக்னிக் நூலகத்தில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தலைவராக வந்தவர் மிக மரியாதையானவர். எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். ஒரு தாள் வைத்திருந்தார். 'நான் எழுதிய அளவு பிழையானது என்று கருதியதால் அதை அடித்துத் திருத்தினேன்.' அவ்வளவுதான் வாசகம். பொய் ஒன்றும் இல்லை. நான் அப்படித்தானே கருதினேன். கையெழுத்துப் போட்டவர்களுக்கு டிப்ளமோ முடித்ததும் மழை நிலையத்தில் வேலை உறுதி என்று வெளியில் ஒருவர் காதில் போட்டார். எனக்கு முன் போன ஒன்பது பேரில் ஏழு பேர் போட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் போட்டுவிடலாம் என்றுதான் வரிசையில் நின்றேன்.

அதற்கு முந்தின நாள் ஆளுநரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்திருந்தது. இரண்டு வரி. "எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைய காலையில் குவளையில் என்ன பார்த்தீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள்." அவர் பதவி போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம். உதவி கேட்டு ஒரு சொல் இல்லை. வரிசையில் நிற்கும்போது அந்தக் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஆறுதலாக எதையாவது தேடினேன், கிடைக்கவில்லை.

எனக்கு முன்னால் ஜெபராஜ் அண்ணன் போனார். கதவு திறந்திருந்ததால் கேட்டது. குழுத் தலைவர், ஆளுநரிடமிருந்து வாங்கி வந்திருந்த அவர் நோட்டைத் தூக்கிக் காட்டி, வகுப்பிலேயே பிழையில்லாத பதிவு இதுதான், அரசின் அளவுகளோடு ஒரு புள்ளிகூட மாறவில்லை, அறிக்கையில் இதைத்தான் முதல் சான்றாக வைக்கப் போகிறோம் என்று பாராட்டினார்.

"சார்," என்றார் அண்ணன், "எனக்குக் குடுத்த மானி இன்னும் அட்டைப்பெட்டிய விட்டு வெளிய வரல. சீல்கூடப் பிரிக்கல. வேணும்னா கொண்டாந்து காட்டுதேன்."

மோர் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போகும்போது அவர் முகத்தில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. தாளை என் பக்கம் தள்ளினார்.

படித்தேன். திரும்பவும் படித்தேன். "கருதியதால்" வரை சரி. ஆனால் அதைப் படிக்கிற யாரும் மானி தப்பாகக் காட்டியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்டால் அப்பாவின் நெல்லுக்கு மழை வரும். எனக்கு வேலை வரும். ஆளுநர் பொய் சொன்னதாக ஆகும்.

"மானி தப்பாக் காட்டல சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான் பயந்துக்கிட்டு அடிச்சேன். முப்பத்தொண்ணு புள்ளி நாலுதான் இருந்துச்சு."

"உறுதியாத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் தோற்பேன். "எனக்கு எதுவுமே உறுதியாத் தெரியாது சார். அதனாலதான் தினம் அளக்கேன்."

அவர் என் பெயருக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் இருந்தவர்களில் எட்டுப் பேர் கையெழுத்துப் போடவில்லை. என்னால் என்று சொல்லமாட்டேன். ஜெபராஜ் அண்ணனால் இருக்கலாம்.

அன்று மாலை வீட்டில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய் உட்கார்ந்தார். "சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு அளந்தும் காட்டுதா," என்று மாட்டிடம் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் என்னோடு நேராகப் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்வாள்.

வைகாசியில் ஆளுநரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கோவில்பட்டி ஸ்டேஷனில் ஒரே ஒரு பெட்டியோடு சாதாரண வகுப்பில் ஏறினார் என்று செய்தியில் ஒரு படம் வந்தது. வழியனுப்ப யாரும் போகவில்லை. போகலாமா என்று நினைத்தேன், பயமாக இருந்தது, போகவில்லை. நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டுகள் எல்லாம் பதிவுத் தபாலில் எங்களுக்குத் திரும்பி வந்தன. புறப்படுவதற்கு முந்தின நாள் தேதியில், ரசீதைத் திருப்பித் தரும்படி ஒரு குறிப்போடு.

புதிய ஆளுநர் வந்தார். கல்வெட்டுகள் திறந்தார். அப்பா ஐப்பசியில் மறுபடி நெல் விதைத்தார்.

விசாரணை அறிக்கை கார்த்திகை மாதம் வெளியானது. நூற்று நாற்பது பக்கம். முழுவதும் படித்தேன். மேகப் பங்கீட்டில் எந்தக் காலத்திலும் எந்த முறைகேடும் நடக்கவில்லை, முன்னாள் ஆளுநர் கூறியது ஆதாரமற்ற பொய், தேசிய அரசின் அளவுகள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை துல்லியமானவை என்று முடிந்திருந்தது. எங்கள் பெயர்கள் பின்னிணைப்பில் இருந்தன. எனக்கு மழை நிலைய வேலை கிடைக்காது என்பது அதிலிருந்து தெரிந்தது.

அந்தப் பருவத்தில் என் மானியில் ஒரு நாள் 12.2 வந்தது. செயலியில் 12.2. இன்னொரு நாள் 7.6. செயலியிலும் 7.6. ஒரு கோடுகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் என்னையே சந்தேகப்பட்டேன், செயலியை முதலில் பார்த்துவிட்டு மானியைப் பார்க்கிறேனோ என்று. அதனால் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அளந்தேன். அப்படியும் அதே எண்தான். ஜெபராஜ் அண்ணன் ஒருவழியாகப் பெட்டியைப் பிரித்து மானியை டெப்போ மொட்டைமாடியில் வைத்திருந்தார். அவருக்கும் அப்படித்தான். நடுமேட்டில் ஆற்றுப் பாலத்தை மூடி ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது, வெள்ளம். வேலை தேடி வந்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

எங்கள் கண்மாய் பாதிக்கு மேல் ஏறவில்லை. நெல் முட்டியளவில் மஞ்சளாகி நின்றது.

அறிக்கை வந்த மறுநாள் காலை, அம்மாவுக்கு டீத்தூள் வாங்க டீக்கடைக்குப் போனேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் சித்தப்பா மகன் பேப்பரை விரித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். ஆதாரமற்ற பொய் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தான். "நான் அன்னைக்கே சொன்னேன், அவ சொன்னது அத்தனையும் பொய்," என்றான். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்கள்.

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவ சொன்னது பொய்யின்னா," என்றார், "நமக்குப் பேஞ்சுக்கிட்டிருந்த மழை எங்கடா போச்சு?"

டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்தார். சித்தப்பா மகன் பேப்பரை மடிக்க ஆரம்பித்தான். அப்பா எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"வா தாயி, நெல்ல உழுது மடக்கணும். உளுந்துக்கு இன்னும் பருவம் இருக்கு."